நீதிமன்ற அலுவலகத்துக்கு லினக்ஸ் ஒத்துவருமா?

கணினிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவைப் போட்டதால்தான் நீதிமன்றத்தில் வேலை இழுக்கிறது என்று மூத்த ஊழியர்கள் சொல்வது உண்மையா எனக் கேட்டிருக்கிறீர்கள். அண்மையில் பணியில் சேர்ந்த தட்டச்சராக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தமிழ்நாட்டின் ஒரு கீழமை நீதிமன்றத்தில், நகல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். கணினி வல்லுநன் அல்லன். விண்டோஸ்மீது எனக்குப் பகையும் கிடையாது. ஆனால் இந்தப் பழியைக் கேட்டுக்கேட்டுச் சலித்துப் போயிருக்கிறேன்.

அன்றாட வேலையில் பெரும்பகுதி, தேசிய தகவல் மையத்தின் புனே பிரிவு கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு உருவாக்கிய சி.ஐ.எஸ். என்ற வழக்குத் தகவல் மென்பொருளில்தான் நடக்கிறது. அது உலாவியில் திறப்பது. வழக்கைப் பதிவு செய்வதற்கும், வாய்தா போடுவதற்கும், ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைத் தேடி எடுப்பதற்கும் அடியில் எந்த இயங்குதளம் இருந்தால் என்ன? மின்நீதிமன்றத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் முடிவதற்குள் நாடு முழுவதும் 18,735 கீழமை நீதிமன்றங்கள் கணினிமயமாயின. அத்தனை இடங்களிலும் ஒவ்வொரு கணினிக்கும் விண்டோஸுக்கு உரிமக் கட்டணம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் குறை சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எங்களை உண்மையில் வதைத்தது எழுத்துரு. சாட்சிகளின் வாக்குமூலங்கள், தீர்ப்புகள், நீதிமன்ற வாசலில் உள்ள தட்டச்சுக் கடைகளிலிருந்து வழக்கறிஞர் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் கோப்புகள் எல்லாமே பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தன. அவற்றில் தமிழ் எழுத்து என்பது வெறும் தோற்றம். கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். உபுண்டு வந்த புதிதில், சான்றிட்ட நகலுக்காக ஒரு பாகப்பிரிவினை வழக்கின் வாக்குமூலத்தை லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்தபோது பக்கம் முழுவதும் இப்படித்தான் இருந்தது. எதிரே மனுதாரர் நிற்கிறார். அறையில் எல்லாரும் லினக்ஸைத் திட்டுகிறார்கள். அந்த எழுத்துரு நிறுவப்படாத விண்டோஸிலும் இதே கதிதான் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுத்துருக் கோப்பை உபுண்டுவில் நிறுவியதும் வாக்குமூலம் ஒழுங்காகத் தெரிந்தது. புதிய ஆவணங்களை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் ஒருங்குறியிலேயே (யூனிகோட்) அடிப்பது என்று பிறகு முடிவு செய்தோம். ஒருங்குறியைப் பயன்படுத்துமாறு தமிழக அரசு 2010-லேயே ஆணையிட்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

தட்டச்சுப் பொறியில் தேறிவந்தவர்கள் இனித் தமிழ் 99 என்ற வேறு விசைப்பலகை அமைப்பைப் பழக வேண்டுமா என்று அஞ்சினார்கள். உபுண்டுவில் தமிழ் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் உள்ளீட்டு அமைப்பில் பழைய தட்டச்சுப் பொறி விசைப்பலகையும் இருக்கிறது. அதைச் சேர்த்துக் கொடுத்தபின் முணுமுணுப்பு பெரிதும் அடங்கியது.

எல்லாம் நிறைவாக இருந்தது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். எங்களிடம் இருந்த ஒரு ஸ்கேனருக்கு லினக்ஸில் அதை இயங்கவைக்கும் இயக்கி மென்பொருள் (டிரைவர்) கிடைக்கவேயில்லை. வாங்கும்போதே அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பயிற்சியும் அப்படித்தான்: ஓரிருவருக்கு வகுப்பு நடத்துவார்கள், அவர்கள் கற்றுக்கொண்டு வந்த சூட்டோடு இடமாறுதல் ஆணை வந்துவிடும், அடுத்து வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். இந்த ஊழியர் கொள்கைக்கும் லினக்ஸுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மேசைக்குப் போனதும், உங்களுக்குப் பழகிய விசைப்பலகையைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். பழைய எழுத்துருக்கள் நிறுவப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். வேலை அதற்குப் பிறகும் இழுத்தால், உங்கள் பிரிவில் எத்தனை தட்டச்சர் இடங்கள் காலியாக இருக்கின்றன என்று அலுவலகத் தலைமை ஊழியரான சிரஸ்தாரிடம் கேளுங்கள்.