சிம்ஸ் 4-ல் மகனை எப்போது தனிக்குடித்தனம் அனுப்பலாம்?

சிம்ஸ் 4 என்ற, குடும்பங்களை நடத்தும் கணினி விளையாட்டில் ஒரே வீட்டில் ஏழு பேர், மகனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 8 பேர்தான். இரட்டைக் குழந்தை பிறந்தால் இடமே இருக்காது.

ஆனால் எண்ணிக்கையைவிடக் குளியலறை வாசலைப் பாருங்கள். தக்கலையில் எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டில் காலை ஏழு மணிக்குத் துண்டும் வாளியுமாக வரிசை நிற்கும். என் சிம்களும் (விளையாட்டில் நாம் நடத்தும் மனிதர்கள்) அப்படி நின்று வேலைக்குப் பிந்தியபோதுதான் மகனுக்கு வேறு வீடு பார்த்தேன்.

பணம்? தனி ஆளாகப் புதிதாகத் தொடங்கினால் விளையாட்டே 20,000 சிமோலியன் (அந்த உலகத்துப் பணம்) தருகிறது. அந்த அளவாவது மகன் கையில் இருக்கட்டும். பெரிய வீடு வேண்டாம், வீட்டு மதிப்பு கூடினால் பில்லும் கூடும்.

அப்புறம், மகன் வரைந்த ஓவியங்களைக் கிளம்புமுன் அவன் பையிலேயே வைத்துவிடுங்கள். பிரிந்த பிறகு, நீங்கள் விளையாடாத வீட்டில் தானாக மாற்றங்கள் நடக்கலாம்; வேண்டாமென்றால் 'அக்கம்பக்கக் கதைகள்' அமைப்பை அணைத்துவிடுங்கள். நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். பேரன் பிறப்பதை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.