நீலகிரியில் இருந்துகொண்டு பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிச் சரிசெய்து ஓட்ட முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: குன்னூரில் இருக்கிறேன், ஃபியட் 124 ஸ்பைடர் அல்லது ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் மாதிரி ஒரு பழைய இத்தாலிய வண்டி வாங்கிச் சரிசெய்ய ரொம்ப நாள் ஆசை, எதைப் பார்த்து வாங்குவது, மலையில் தாங்குமா, தினமும் ஓட்டலாமா?

முடியும். என்னிடம் கோத்தகிரியில் 1970களின் தொடக்கத்து 124 ஸ்பைடர் ஒன்று இருக்கிறது, 1608 சிசி, நன்றாக ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஓர் எஸ்டேட் குடும்பம் அந்தக் காலத்திலேயே கொண்டுவந்து, சுங்கவரி கட்டி, முறையாகப் பதிவு செய்த வண்டி. நான் வாங்கும்போது பல வருஷமாக உரமூட்டை அடுக்கும் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பிரித்துச் சேர்த்ததில் கற்றதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதற்குக் கீழேதான் வரும். எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், பாடியைப் பார்த்து வாங்குங்கள். விற்கிறவர் பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்து காட்டுவார், அந்தச் சத்தத்தில் மனசு போய்விடும். எஞ்சின் ஓடாவிட்டால்கூடப் பரவாயில்லை. 124 ஸ்பைடரின் ட்வின் கேம் எஞ்சினை வடிவமைத்தவர் ஃபெராரியில் வேலை பார்த்துவிட்டு ஃபியட்டுக்கு வந்த ஆரேலியோ லாம்ப்ரெடி. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த ரப்பர் பெல்ட், வால்வு இடைவெளி சரிசெய்ய மேலே ஷிம் என்கிற வட்டமான மெல்லிய வில்லை. நல்ல லேத்தும் பொறுமையான மெக்கானிக்கும் இருந்தால் கோயம்புத்தூரிலேயே முழுசாக எழுப்பிவிடலாம். இந்த வண்டி 1966 டூரின் கண்காட்சியில் வெளிவந்து 1985 வரை ஏறக்குறைய 2 லட்சம் செய்யப்பட்டது, பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது, அதனால் பிஸ்டன், கேஸ்கெட், பெல்ட், ரப்பர் எல்லாம் அங்கே இன்னும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். பணம் கொடுத்தால் பார்சலில் வரும். பாடி அப்படி வராது.

அந்தக் காலத்து இத்தாலியத் தகடு துருப்பிடிப்பது உலகம் அறிந்த விஷயம். அந்தத் தகட்டைக் கொண்டுவந்து நம் மூடுபனியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கும். வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கரத்துக்கு மேல் வளைவு, கதவின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் பெட்டித் தகடு, இங்கெல்லாம் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் (புட்டி) இருக்கிறது. அப்புறம் கால்மிதிக்குக் கீழே இருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க மாட்டேன் என்று விற்கிறவர் தயங்கினால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வந்து மேலே பூட்டும் மேடையையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அது போயிருந்தால் வேலை மிகப் பெரிது. டிக்கித் தரையையும் விடாதீர்கள்.

துணிக்கூரை வண்டியில் இன்னொரு இடம் உண்டு. கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தில் விழும் மழைத்தண்ணீர் வெளியே போகச் சின்னக் குழாய்கள் இருக்கும். நம் ஊரில் சில்வர் ஓக் இலையும் கற்பூர மரத்து இலையும் அதில் போய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளுக்குள்ளேயே நின்று பின்பக்கத் தகட்டைத் தின்றுவிடும். என் வண்டியில் அந்தக் குழாயைக் குத்திவிட்டபோது கறுப்பாக மக்கிய இலைச்சேறு ஒரு பிடி வந்தது. வண்டி எங்கே நின்றது என்றும் கேளுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது. கூடலூர், தேவாலா பக்கம் ஆனி ஆடியில் மாதக்கணக்கில் ஊற்றும், அங்கே திறந்த கொட்டகையில் நின்ற வண்டி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

சரி, துரு கொஞ்சம் இருக்கிறது, ஆனாலும் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிங்கரிங் வேலைக்கு விடும்போது ஒன்றை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கூரை உள்ள காரில் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டித் தகட்டை வெட்டினாலும் மேலே கூரை பிடித்துக்கொள்ளும். திறந்த காரில் வண்டியின் நடுவைத் தாங்குவதே முக்கியமாக அந்தப் பெட்டிதான். கோயம்புத்தூரில் என் வண்டியைச் செய்த டிங்கர் அண்ணன் கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "தம்பி, முதல்ல ரெண்டு கதவு வாய்க்கும் குறுக்கே பைப்பு வெச்சு பத்த வெச்சுப்போடணுங்க. இல்லீன்னா நடுவுல தொங்கிப்போயிரும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் கதவு சாத்தாது." அப்படியே சதுரக் குழாய் வைத்து இரண்டு பக்கமும் வெல்டு வைத்தார், வண்டியைச் சமமான தரையில் நாலு ஸ்டாண்டு மேல் ஏற்றினார், கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து பம்பரில் சாக்பீஸால் எழுதி வைத்தார், அதற்கப்புறம்தான் ஒரு பக்கத்தை வெட்டினார். ஒரு பக்கம் முழுசாக முடித்து அளவு சரிபார்த்த பிறகுதான் அடுத்த பக்கம். தாங்கும் இடங்களுக்குத் தடிமனான 18 கேஜ் தகடு, மற்ற இடங்களுக்குக் கொஞ்சம் மெல்லிய 20 கேஜ். வெல்டு முடிந்ததும் துத்தநாக பிரைமர், பெயிண்ட் முடிந்ததும் அந்தப் பெட்டிகளுக்குள்ளே மெழுகு ஸ்பிரே. இந்தக் கடைசி வேலையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், வெளியே தெரியாதே என்று. மலையில் வண்டியைக் காப்பாற்றுவது அந்த மெழுகுதான். என் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் பாடிக்குத்தான் போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஸ்பேர் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் பிரீமியர் 118 என்.ஈ. வண்டியும் 124 செடானின் உடம்புதானே, அதன் ஸ்பேர் பொருந்தும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதில் இருந்தது நிஸான் எஞ்சின், ஆகவே எஞ்சின் பக்கம் ஒன்றும் உதவாது. கீழே சஸ்பென்ஷன் சாமான் என்றால் பழையதைக் கையில் கொண்டுபோய் வெர்னியர் வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை போகிறவர்களும் அப்படியே. புஷ், பின், வாஷர் இதையெல்லாம் கோயம்புத்தூர் லேத்தில் கடைந்துகொள்வதுதான் மேல்.

இனி மலை விஷயம். ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் 1850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 330. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். இன்ஜெக்ஷன் வண்டி தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், வெபர் கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று குறையும், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது, பிளக் கரி பிடிக்கும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை வைத்த சின்னத் திருகுதான் ஜெட், அதில் இருக்கும் எண் அந்தத் துளையின் விட்டம். 125 என்றால் 1.25 மில்லிமீட்டர். கணக்குப்படி ஊட்டி உயரத்துக்கு 5, 6 சதவீதம் சின்ன ஜெட் வேண்டும், அதாவது 125க்கு 118 வாக்கில். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர் ரோட்டில் மிதித்தால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறும், பிஸ்டனுக்கே ஆபத்து. கீழேயும் மேலேயும் போய்வருகிறவர் 120 வைத்துக்கொண்டு, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவதைச் சரிசெய்யும் ஐடில் ஸ்க்ரூவை மட்டும் மலைக்கு ஏற்றபடி திருப்பி வைப்பது நல்லது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கீழே ஒரு மாதம் தங்குகிறீர்கள் என்றால் பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டுங்கள், ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலைதான்.

தண்ணீரும் இங்கே சீக்கிரம் கொதிக்கும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே. அதைத் தள்ளிப்போடுவது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான். வயசான மூடியோடு ஏற்றத்தில் வண்டி கொதித்தால் எல்லாரும் ஹெட் கேஸ்கெட் போச்சு என்று பயந்து எஞ்சினைப் பிரிக்கிறார்கள். முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள்.

இப்போது பங்க்கில் வருவது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஐம்பது வருஷத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இதற்குத் தாங்காது, ஊறி விரிசல் விட்டுக் கசியும், சூடான எஞ்சின் மேல் கசிந்தால் தீதான். வண்டி வந்த அன்றே எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பாதி காலியான டேங்கில் பனிக்காலத்து ஈரம் சேரும், ஆகவே நிறுத்தி வைக்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள்.

பிரேக் விஷயத்தில் இந்த வண்டி அதன் காலத்தை முந்தியது, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். ஆனால் டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பரில், பின்பக்கத்துதைத் தெரியாத கையில் கொடுத்துவிடாதீர்கள். புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும் இல்லையா, முன்பக்கத்தில் கிளாம்ப் வைத்து அழுத்தினால் போய்விடும். பின்பக்கத்தில் ஹேண்ட்பிரேக்குக்காக உள்ளே மரை வைத்த அமைப்பு இருக்கிறது, பிஸ்டன் முகத்தில் இருக்கும் பள்ளத்தில் கருவியை வைத்து, அழுத்திக்கொண்டே திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். வெறுமனே அழுத்தினால் உள்ளே இருப்பது உடையும், ஹேண்ட்பிரேக் போய்விடும். பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும் சரக்கு. ஈரம் சேர்ந்த ஆயில் பர்லியார் இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை புது டாட் 4 ரக பிரேக் ஆயில், மழைக்காலம் முடிந்ததும். இறங்கும்போது இரண்டாவது கியர் என்று மலைப்பாதை போர்டில் எழுதியிருப்பது பழைய காருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

எந்த வண்டி என்று கேட்டால்: 124 ஸ்பைடர் தொழிற்சாலையிலிருந்து இடது பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வந்தது. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டினால் எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்னாலேயே வர வேண்டும். நான் பின்னாலேயே வருகிறேன். ஆல்ஃபா ஸ்பைடர் வலது பக்க ஸ்டீயரிங்கிலும் வந்தது, கிடைத்தால் மலைக்கு அது வசதி. இரண்டும் கிடைக்கவில்லை, ஆசையும் விடவில்லை என்றால் ஃபியட் 1100 பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான், ஆனால் இத்தாலிய டிசைன், 1089 சிசி, பம்பாய் குர்லாவில் செய்தது, சோழவரம் ரேஸில் ஓடிய வண்டி, பின்னாளில் பத்மினி என்ற பெயரில் 2000 வாக்கில் வரை வந்ததால் ஸ்பேர் இன்றைக்கும் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதியில் செய்த திருத்தப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி வேண்டும். அது இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

தினமும் ஓட்டலாமா என்றால், வின்டேஜ் பதிவில் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு வேலைக்கு, இதற்குத்தான் சாலையில் எடுக்க அனுமதி, வேலைக்குப் போய்வர இல்லை. பழைய சாதாரணப் பதிவு உயிரோடு இருந்து முறையாகப் புதுப்பித்து வந்தால் அந்தத் தடை கிடையாது, என் வண்டி அப்படி. ஆனாலும் நான் மழைக்காலத்தில் எடுப்பதில்லை. தை முதல் பங்குனி வரை, பனி விலகி ரோடு காய்ந்த பிறகு, கோடநாடு பக்கம் ஓட்டிக்கொண்டு போய் வருவேன். மற்ற மாதங்களில் சிமென்ட் தரைக் கொட்டகையில், காற்றுப் புகும் துணி போர்த்தி நிற்கும். தார்ப்பாய் போர்த்தாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.