கேள்வி பதில்: வேலூர் வெயிலில் கோட்டு சூட்டு

கேள்விகள் நிறைய குவிஞ்சிருக்கு, ஒவ்வொண்ணா வர்றேன். துணி, அளவு, தையல், பராமரிப்பு, இந்த நாலுக்குத்தான் பதில். விலை கேட்காதீங்க. துணிக்குத் துணி, ஊருக்கு ஊர் மாறும்.

கேள்வி (குடியாத்தம், மாப்பிள்ளை): மாஸ்டர், மே மாசம் ரிசப்ஷன். மண்டபத்துல ஏ.சி. கிடையாது. வீட்டுல சூட்டுதான்னு முடிவு பண்ணிட்டாங்க. எந்தத் துணி எடுக்கலாம்? எத்தனை மீட்டர்? எப்போ தைக்கக் கொடுக்கணும்?

பதில்: மே மாசம் நம்ம பக்கம் 40 டிகிரி தாண்டுறது சாதாரணம். மேடையில வீடியோ லைட்டு வேற. கடையில முதல்ல எடுத்துப் போடுற பளபளத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் விஸ்கோஸ் கலவை. பாலியஸ்டர் தன் எடையில அரை சதவீதம்கூட ஈரம் வாங்காது. கம்பளி ஏறக்குறைய 16 சதவீதம் வாங்கும். கம்பளின்னதும் நமக்குப் போர்வை ஞாபகம் வருது, அதான் பயம். கோட்டுக்கு வர்ற மெல்லிசு கம்பளி வேற ஜாதி. 230-லிருந்து 260 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல), முறுக்கு ஏத்தின நூல், சாதா நெசவு. இப்படிக் கேட்டு வாங்குங்க. துணியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா பொடிப்பொடியா ஓட்டை தெரியணும். வாயை வெச்சு ஊதினா அந்தப் பக்கம் கையில காத்து படணும். உள்ளங்கையில கசக்கிப் பத்து எண்ணிட்டு விட்டா, சுருக்கம் தானா விரியணும்.

துணியைவிடப் பெரிய வில்லன் லைனிங். நல்ல கம்பளி எடுத்து உள்ளே முழுக்க பாலியஸ்டர் லைனிங் போட்டா, மழைக்கோட்டு போட்டுக்கிட்டு மேடை ஏறின கதைதான். முதுகுல தோள்பட்டை வரைக்கும் மட்டும் லைனிங், கீழே வேணாம். கையில மட்டும் முழுசா இருக்கட்டும், இல்லேன்னா சட்டை மேல வழுக்காது. இப்படித் தைச்சா உள்தையல் எல்லாம் வெளியே தெரியும், ஒவ்வொரு ஓரத்துக்கும் பைப்பிங் (பிசிறு மறைக்கிற பட்டைத் துணி) கட்டணும். லைனிங் கம்மி, அதனால கூலியும் கம்மின்னு தைக்கிறவர்கிட்ட பேரம் பேசாதீங்க. அவருக்கு வேலை கூடத்தான் ஆகும்.

58 இஞ்ச் பன்னாவுல (துணி அகலம்) கோட்டும் பேன்ட்டும் சேர்த்து 3.25 மீட்டர். வெயிஸ்ட்கோட்டும் வேணும்னா 4. கட்டம் போட்ட துணின்னா, கட்டம் சேர்க்கறதுக்கு இன்னும் கால் மீட்டர். ஆறு வாரம் முன்னாடி அளவு கொடுங்க. முதல் ட்ரையல் கச்சாத் தையல்ல (பிரிக்கிற மாதிரி தற்காலிகத் தையல்), கை ஒட்டாம இருக்கணும். அப்பத்தான் தோளைத் தொட முடியும். கை ஒட்டி, லைனிங் போட்டு, பட்டன் வெச்சுட்டு "ட்ரையல் பாருங்க"ன்னா அது ட்ரையல் இல்ல, டெலிவரி. கல்யாணத்தன்னிக்குப் போடுற அதே சட்டை, அதே ஷூவோட போங்க. பக்கத் தையல்ல உள்ளே ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்க. கல்யாண விருந்து ஆரம்பிச்சா அது தேவைப்படும்.

இன்னும் இரண்டு. மாலையை உதறிட்டு, ஈரத்தைத் துடைச்சிட்டுப் போடுங்க. நார்ல சொட்டுற தண்ணியும் சந்தனமும் காலர் மடிப்புல கறை விடும், ஜிகினா நூலை இழுக்கும். மொய்க் கவரைக் கோட்டுப் பையில திணிக்காதீங்க. பத்து கவர் போனா முன்பக்கம் தொங்கிடும், போட்டோவுல வயித்துல ஏதோ கட்டி வெச்சிருக்கிற மாதிரி தெரியும். கவர் வாங்க ஒரு மச்சானை நிறுத்துங்க.

கேள்வி (காட்பாடி, கடைசி வருஷ மாணவர்): அண்ணா, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெடிமேட் வாங்கறேன். பார்த்து வாங்கத் தெரியல. எது மாத்தலாம், எது மாத்த முடியாது?

பதில்: தம்பி, தோள். தோள் சரியா இருந்தா மத்ததை வெளியே கொடுத்துச் சரி பண்ணலாம். தோள் தப்பா இருந்தா கோட்டைக் கழட்டி வெச்சுட்டு வாங்க. சுவத்துல பக்கவாட்டா சாஞ்சு பாருங்க. உங்க கைக்கு முன்னாடி தோள் பேட் சுவத்துல முட்டி மடிஞ்சா கோட்டு பெரிசு. தோளுக்குக் கீழே கையில பள்ளம் விழுந்தாலும் அதே தப்பு.

இடுப்பை ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் வரைக்கும் பிடிக்கலாம். கை நீளம் ஒரு இஞ்ச் குறைக்கலாம். சட்டைக் கஃப் அரை இஞ்ச் வெளியே தெரியணும். கைப் பட்டனுக்கு நிஜ காஜா (பட்டன் ஓட்டை) வெட்டியிருந்தா குறைக்கறது கஷ்டம், காஜா ஓரத்துக்கு வந்துடும். கோட்டு உயரத்தைக் குறைக்காதீங்க, பை கீழே இறங்கின மாதிரி ஆயிடும். பின்பக்கம் உட்காருற இடம் மறையணும், அவ்வளவுதான் உயரம்.

வாங்கினதும் பின்னாடி வென்ட்டுல (கோட்டோட கீழ்ப்பிளவு) பெருக்கல் குறி மாதிரி இருக்கிற நூலை வெட்டுங்க. கைமேல ஒட்டியிருக்கிற கம்பெனி லேபிளையும் பிரிங்க. அந்த லேபிளோடவே இன்டர்வியூவுக்குப் போறவங்க பாதிப் பேர். கீழ் பட்டன் போடக்கூடாது. உட்காரும்போது மேல் பட்டனையும் அவிழ்த்துடுங்க.

கேள்வி (ராணிப்பேட்டை): சார், என்ன கலர் எடுக்கலாம்?

பதில்: முதல் சூட்டுன்னா நேவி ப்ளூ. இரண்டாவதுன்னா நடுத்தர சாம்பல்.

கேள்வி (சத்துவாச்சாரி, வக்கீல்): முழங்கையும் காலர் ஓரமும் கண்ணாடி மாதிரி மின்னுது. இதுக்கு என்ன வழி?

பதில்: அயர்ன் பெட்டியை நேரா கறுப்புத் துணி மேல வெச்சதும், தினமும் உரசினதும் சேர்ந்த பலன் சார். கம்பளி கலந்ததா இருந்தா நார் படுத்திருக்கும். ஈரத் துணி மேல போட்டு ஆவி காட்டி, சூடு இருக்கும்போதே பிரஷ்ஷால எதிர்ப்பக்கம் தேய்ச்சா ஓரளவு எழும்பும். முழு பாலியஸ்டர்னா நார் உருகியிருக்கு, அது திரும்பாது. இரண்டு கோட்டு வெச்சு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க. வேர்வை காயாம தினமும் அதே கோட்டுன்னா அக்குள்தான் முதல்ல போகும். உங்களுக்குத் தெரியாதது இல்ல, ஆனா மத்தவங்களுக்காகச் சொல்றேன்: உச்சநீதிமன்றம், உயர்நீதிமன்றம் தவிர மத்த கோர்ட்டுகள்ல கோடைக்காலத்துல கறுப்புக் கோட்டு கட்டாயம் இல்லைன்னு பார் கவுன்சில் விதியிலேயே இருக்கு.

கேள்வி (திருப்பத்தூர்): வாஷிங் மெஷின்ல 'ஜென்டில்' வெச்சுப் போடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி (வாலாஜா): "சூப்பர் 150, மேல இருக்கிறதுலயே பெஸ்ட்"னு கடையில சொல்றாங்க. நிஜமா?

பதில்: அந்த நம்பர் நார் எவ்வளவு மெல்லிசுங்கறதைத்தான் சொல்லுது. சூப்பர் 100-ன்னா 18.75 மைக்ரானுக்குள்ள (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), 120-ன்னா 17.75-க்குள்ள. பத்து ஏறினா அரை மைக்ரான் குறையும். மெல்லிசாக ஆக வழவழப்பு கூடும், உழைப்பு குறையும், சுருக்கம் சீக்கிரம் விழும். பைக்ல ஆபீஸ் போறவருக்கு 150 எதுக்கு? 100-லிருந்து 120 போதும். இது கம்பளிக்கு மட்டுமே உரிய கணக்கு. ஆனா ஒரு இழை கம்பளி இல்லாத துணி ஓரத்துலயும் தாராளமா அச்சடிச்சு வெச்சிருப்பாங்க. ஓரத்துல இரண்டு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்க. முடி கருகின வாடை வந்து, சாம்பல் விரல்ல பொடியானா கம்பளி. உருகிக் கடினமா குண்டுமணி மாதிரி ஆனா பாலியஸ்டர்.

கேள்வி (வேலூர், தோட்டப்பாளையம்): இரண்டு தடவை டிரை கிளீனிங் போனதும் கோட்டு நெஞ்சுல கொப்புளம் கொப்புளமா வந்துடுச்சு. யார் தப்பு?

பதில்: உள்ளே ஒட்டியிருக்கிற ஃபியூசிங் பிரிஞ்சிருக்கு. பசை தடவின துணியைச் சரியான சூட்டுல, சரியான அழுத்தத்துல மெஷின்ல ஒட்டணும். கை அயர்ன் பெட்டியால ஒட்டினா அங்கங்கே பிடிக்கும், அங்கங்கே பிடிக்காது. மழையில நனைஞ்சாலோ, அதிகச் சூடு பட்டாலோ பிடிக்காத இடம் எழும்பும். திரும்ப அயர்ன் பண்ணா ஒரு வாரம் நிக்கும், அப்புறம் பழையபடி. அடுத்த தடவை நெஞ்சுப் பகுதிக்காவது கேன்வாஸ் வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. குதிரைமுடி கலந்த கேன்வாஸைக் கைத்தையல்ல பிடிக்கறதால பிரியறதுக்குப் பசையே இல்ல. வந்த கோட்டைக் கீழ் பட்டன் பக்கம் இரண்டு விரலால கிள்ளிப் பாருங்க. நடுவுல தனியா ஒரு அடுக்கு நழுவினா கீழ் வரைக்கும் கேன்வாஸ் இருக்கு.

கேள்வி (சோளிங்கர்): மாஸ்டர், எந்தக் கலர் நல்லா இருக்கும்?

பதில்: மேலே பாருங்க.

கேள்வி (ஆரணி): ஐ.டி. கம்பெனியில முதலாளியே டி-ஷர்ட்டுல வர்றான். இந்தக் காலத்துல, இந்த வெயில்ல கோட்டு எதுக்கு? வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன அடிமைச் சின்னம். எங்க ஊர் பட்டு வேட்டியைவிடவா?

பதில்: பாதி ஒத்துக்கறேன். நம்ம ஊர் ஓட்டல் வாசல்ல நில்லுங்க. கோட்டு போட்டவர் கதவைத் திறப்பார், வெள்ளை வேட்டி கட்டினவர் உள்ளே போவார். கோட்டு இப்போ யூனிஃபார்மா ஒரு பக்கம், விசேஷ உடையா இன்னொரு பக்கம்னு பிரிஞ்சிடுச்சு. எல்லாரும் போட்ட காலத்துல நாலு தப்பு மறைஞ்சுபோகும். கூட்டத்துல ஒருத்தர் மட்டும் போட்டா எல்லார் கண்ணும் அந்தத் தோள் மேலதான். ரிசப்ஷனுக்கு ஆரணிப் பட்டு கட்டறவரைத் தடுக்க நான் யார்?

கேள்வி (அரக்கோணம்): ஆரணிக்காரர் சொன்னதுக்கு ஒரு வார்த்தை. நம்ம பக்கம் ஊருக்கு ஊர் சிலையில நீலக் கோட்டோட நிக்கிறவர் யாரு? 1989-ல மாவட்டம் பிரிஞ்சப்போ 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'னுதானே பேரு வெச்சாங்க? அவர் போட்டது அடிமைச் சின்னமா?

கேள்வி (ஆரணி மறுபடியும்): காந்தி 1921-ல மதுரையில மேல்சட்டையைக் கழட்டினாரே, அது எதுக்கு?

பதில்: இரண்டு பேரும் சொன்னது சரித்திரம்தான். ஆனா இரண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. காந்தி லண்டன்ல கோட்டு போட்டுப் பழகினவர். தானா விரும்பிக் கழட்டினார், கழட்டினதுல அவருக்கு மரியாதை கூடித்தான் போச்சு. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தோள்ல துண்டு போடக் கூடாதுன்னு தலைமுறை தலைமுறையா தடுக்கப்பட்டவங்களுக்கு உடம்பு முழுக்க மூடி, காலர் வெச்சு, பட்டன் போட்டு நிக்கறதுக்கு அர்த்தம் வேற. 1930 வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் போனப்போ அந்த உடையும் பேசிச்சு. வேட்டிக்கும் ஒரு மரியாதைப் பிரச்சினை வந்தது: 2014-ல வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில ஒரு கிளப்புக்குள்ள விடல. அதே வருஷம் சட்டசபையில, வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. ஆக, தடுக்கிறவனோடதான் சண்டை. கோட்டோடயும் இல்ல, வேட்டியோடயும் இல்ல.

கேள்வி (பேர்ணாம்பட்டு): நீங்க பேசிக்கிட்டே இருங்க. என் பையனுக்கு 8 வயசு, அக்கா கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கலாமான்னு காலையிலயே கேட்டேன்.

பதில்: மன்னிச்சுக்குங்கம்மா. தைக்காதீங்க, ஆறு மாசத்துல சின்னதாயிடும். ரெடிமேட் எடுங்க, கை மட்டும் இரண்டு இஞ்ச் உள்ளே மடிச்சுக் கைத்தையல் போடுங்க. அடுத்த கல்யாணத்துக்குப் பிரிச்சுக்கலாம். தோள் மட்டும் இப்பவே சரியா இருக்கணும்.

கேள்வி (ஆம்பூர்): சூட்டுக்கு எந்த ஷூ?

பதில்: ஆம்பூர்ல இருந்துகிட்டு என்னைக் கேட்கறீங்க! தோல் உங்க தெரு விஷயம். என் பங்குக்கு ஒண்ணு: கறுப்பு, கயிறு கட்டுறது, பெல்ட்டும் அதே நிறம்.

கேள்வி (வாணியம்பாடி): மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்குது.

பதில்: டிரை கிளீனிங் பிளாஸ்டிக் கவரோடயே மாட்டி வெச்சிருப்பீங்க. கவரைத் தூக்கிப் போடுங்க, பழைய வேட்டியில உறை தைச்சு மாட்டுங்க. தோள் அகலமான ஹேங்கர் வேணும், கம்பி ஹேங்கர் தோளைக் குத்திக் கூம்பாக்கிடும். பூச்சிக்கு அந்துருண்டையைத் துணி மேல படாம பையில கட்டித் தொங்கவிடுங்க. ஐப்பசி, கார்த்திகையில வாரம் ஒருக்கா நிழல்ல காத்தாட விடுங்க, வெயில்ல வேணாம்.

கேள்வி (திமிரி): கலர் எது சார்?

பதில்: நேவி ப்ளூ. நேவி ப்ளூ. நேவி ப்ளூ.

கேள்வி (குடியாத்தம், மாப்பிள்ளை மறுபடியும்): மாஸ்டர், நீங்க எழுதினதைக் காட்டறதுக்குள்ள பொண்ணு வீட்டுல மெரூன் வெல்வெட் எடுத்துட்டாங்க. கட்டிங் ஆயிடுச்சாம்.

பதில்: கட்டிங் ஆச்சுன்னா துணியைப் பத்திப் பேச வேணாம். இன்னும் லைனிங் போடலேன்னா ஓடிப்போய் முதுகு லைனிங்கை நிறுத்துங்க. அக்குள் ஓரம் வேர்வைப் பட்டை ஒண்ணு வைக்கச் சொல்லுங்க, கழட்டி மாத்தற மாதிரி. அயர்ன் பெட்டி வெல்வெட் மேல படவே கூடாது, தொங்கவிட்டு ஆவி மட்டும். மொய்க்கு முன்னாடி ஒரு சட்டை, பின்னாடி ஒரு சட்டை. மேடைக்குப் பின்னாடி ஒரு டவர் ஃபேன் சொல்லி வைங்க. தோளை இன்னிக்கே போய்ப் பாருங்க.