சபாநாயகரின் கடிகாரம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து மலைக் கிராமத்துக்கு ரோடு போடும் விஷயம் சட்டசபையில் வருமா என்று டீக்கடையில் பேச்சு வந்தது. “எம்.எல்.ஏ. நினைத்தாலும் சபாநாயகர் நேரம் கொடுத்தால்தான் பேச முடியும், அவருக்கு வானளாவிய அதிகாரம்” என்றார் ஒருவர். “சேலம் மாநகராட்சிக் கூட்டத்தை மேயர் நடத்துகிற மாதிரிதான் அதுவும், பெரிதாக ஒன்றும் இல்லை” என்றார் இன்னொருவர். எது சரி? கட்சி மாறிய எம்.எல்.ஏ.க்கள் மீது புகார் கொடுத்தால் சில சமயம் உடனே பதவி போகிறது, சில சமயம் வருடக்கணக்கில் ஒன்றுமே நடப்பதில்லை. இதைக் கோர்ட்டும் கேட்க முடியாதா?

மு.ரா., நாகலூர்

அன்புள்ள மு.ரா.,

உங்கள் டீக்கடையில் இருவரும் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். சபாநாயகரின் அதிகாரம் பெரியதுதான். ஆனால் அது வானத்தில் இல்லை, அவருக்கு எதிரே மாட்டியிருக்கும் கடிகாரத்தில் இருக்கிறது. யார் எத்தனை நிமிடம் பேசுவது, எந்தத் தீர்மானம் எந்த நாளில் எடுக்கப்படுவது, ஒரு தகுதிநீக்க மனு எத்தனை மாதம் மேசையில் கிடப்பது: இவற்றைத் தீர்மானிப்பவர் அவர். தவறு நடப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மேயர் ஒப்பீட்டை முதலில் முடித்துவிடலாம். மேயர் 60 வார்டு மாமன்றத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டே விவாதத்திலும் பேசலாம், ஒரு தீர்மானத்துக்காக வாதாடலாம். பேரவைத் தலைவர், அதாவது சபாநாயகர், விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. அரசியல் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி முதல் சுற்றில் அவருக்கு வாக்கும் கிடையாது. இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டுமே அவர் வாக்கு. அவருடைய சம்பளம்கூட அவையின் வாக்கெடுப்புக்கு வராமல் நேரடியாக மாநிலத் தொகுப்பு நிதியில் இருந்து போகிறது. பட்ஜெட் நேரத்தில் அவரை யாரும் மிரட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

‘வானளாவிய அதிகாரம்’ 1985 முதல் 1989 வரை பேரவைத் தலைவராக இருந்த பி.எச். பாண்டியன் காலத்துச் சொல். அந்தக் காலத்திலேயே அதன் எல்லையும் தெரிந்துவிட்டது. 1987-ல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அவைக்குள் இந்த அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். காலையில் பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளையும் அதன் பொருளையும் வாசிப்பார். அவர் அமரும் உயர்ந்த முதுகு கொண்ட நாற்காலி, 1922-ல் அப்போதைய ஆளுநர் வெல்லிங்டன் பிரபு பரிசளித்தது. முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். எந்தக் கேள்வியை அனுமதிப்பது என்பது அவர் முடிவு. அதன்பின் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை. ஒவ்வொரு கட்சிக்கும் அதன் எண்ணிக்கைக்குத் தக்கபடி நிமிடங்கள் பிரிக்கப்படும். ஒரு உறுப்பினருக்குக் கிடைத்த சில நிமிடங்களில் குறுக்கீடு, பதில், மறு குறுக்கீடு என்று பாதி போய்விட்டால் தொகுதியின் ரோடு வருவதற்குள் மணி அடித்துவிடும். மைக் அணைந்தபின் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், ‘குறிப்பில் ஏறாது’ என்று தலைவர் சொல்லிவிட்டால் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி இருக்காது. பேரவை விதிகளில் 110-ஆவது விதியின் கீழ் அமைச்சர்கள் படிக்கும் அறிவிப்புகளுக்கு விவாதமே கிடையாது. அதனால்தான் பெரிய அறிவிப்புகள் அந்த விதியைத் தேடிப் போகின்றன. அந்த விதியை எப்போதாவது தொடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

வாக்கெடுப்பைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டி.வி.யில் அது இரண்டே நொடியில் முடிந்துவிடும். “ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க” என்பார் தலைவர். குரல்கள் எழும். காதால் எடைபோட்டு, “ஆம் என்போர் அதிகம்” என்பார். அடுத்த மூச்சில் “தீர்மானம் நிறைவேறியது”. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே யாராவது எழுந்து டிவிஷன் கேட்டாக வேண்டும். கேட்டால் மணி ஒலிக்கும், கதவுகள் மூடப்படும். அவை ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஆதரிப்போர், எதிர்ப்போர், நடுநிலை வகிப்போர் என்று தனித்தனியாக எழுந்து நிற்க, பேரவைச் செயலர் தலைகளை எண்ணுவார். பொத்தானை அழுத்தும் இயந்திர முறை இங்கே இல்லை. அந்த நொடியைத் தவறவிட்டால், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்குப் பதிவே இருக்காது. தன் எம்.எல்.ஏ. எப்படி வாக்களித்தார் என்று தொகுதி மக்கள் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ரகசிய வாக்கெடுப்புக் கேட்டது எதிர்க்கட்சி. பேரவைத் தலைவர் ப. தனபால் மறுத்தார். தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு எண்ணிக்கை நடந்து 122-க்கு 11 என்று முடிந்தது.

அந்த 11 பேரில்தான் உங்கள் மூன்றாவது கேள்வியின் முழுப் பதிலும் இருக்கிறது.

தனபால் நம் மாவட்டத்துச் சங்ககிரியில் நான்கு முறை வென்றவர். 2017-ல் அவினாசி உறுப்பினர். அந்த ஆண்டில் அவர் முன்னால் இரண்டு விவகாரங்கள் வந்தன. ஒன்று, பிப்ரவரி வாக்கெடுப்பில் கட்சி நிலைக்கு எதிராக வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் உட்பட 11 பேர் மீதான புகார். மற்றது, ஆகஸ்டில் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள் மீது அரசுக் கொறடா (ஆளும் கட்சி உறுப்பினர்களைக் கட்சி நிலைப்படி நிறுத்துபவர்) கொடுத்த புகார். அவர்களில் 18 பேர் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். புகார் வந்து ஒரு மாதம் முழுதாக ஆகவில்லை. 11 பேர் விஷயத்தில், உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் வழக்கை முடித்துவைத்தபோதுதான் நோட்டீஸ் போயிருக்கிறது என்ற தகவல் வந்தது. மூன்று ஆண்டுகள். இரண்டுக்கும் உண்மைகள் வேறு, அணிகள் இடையில் இணைந்துவிட்டன என்று வாதிடலாம். அப்படியே ஏற்றாலும், வேறுபட்ட உண்மைகளை விசாரித்து வேறுபட்ட தீர்ப்பு எழுதலாமே. விசாரிக்காமல் வைத்திருக்க அது காரணம் ஆகாது.

இதில் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். ஆர்.கே. நகர் காலியாக இருந்ததால் அப்போது 233 பேர். பெரும்பான்மைக்கு 117 வேண்டும். 18 பேர் போனதும் 215, தேவை 108. நாற்காலியில் இருப்பவர் ஒரு வாக்கும் போடவில்லை. பெரும்பான்மைக் கோடு ஒன்பது படி இறங்கிவிட்டது.

அதன் சுமை எங்கே விழுந்தது என்று நீங்கள் மலைமேல் நின்றே பார்க்கலாம். சேர்வராயன் மலையின் அந்தப் பக்கம் பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி. அதைத் தாண்டினால் அரூர். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இரண்டு தொகுதியும் அந்தப் பதினெட்டில் சேர்த்தி. நீக்கப்பட்டவர்கள் வழக்குப் போட, உயர் நீதிமன்றம் இடைத்தேர்தல் அறிவிக்கத் தடை போட்டது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலில். இருபது மாதம் அந்த மக்களுக்கு எம்.எல்.ஏ. இல்லை. ஒப்பிட, உங்கள் ஏற்காட்டில் 2013 ஜூலையில் உறுப்பினர் இறந்தபோது டிசம்பர் 4 அன்றே இடைத்தேர்தல் நடந்தது. காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற சட்டம் அங்கே தடையின்றி வேலை செய்தது.

கோர்ட் கேட்க முடியாதா என்கிறீர்கள். 1985-ல் அரசியல் சட்டத்தில் வந்த பத்தாவது அட்டவணை, கட்சித் தாவல் வழக்கைப் பேரவைத் தலைவர் கையில் கொடுத்தது. காலக்கெடு எதுவும் எழுதவில்லை. 1992-ல் உச்ச நீதிமன்றம், இந்த வேலையைச் செய்யும்போது அவர் ஒரு தீர்ப்பாயம், அவர் முடிவை நீதிமன்றம் ஆராயலாம் என்றது. ஆனால் முடிவு வருமுன் குறுக்கிடுவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. ஓட்டை அந்த இடத்தில்தான். முடிவே எழுதாவிட்டால் ஆராய என்ன இருக்கிறது? 28 ஆண்டு கழித்து, 2020-ல் மணிப்பூர் வழக்கில்தான், தனிச்சூழல் இல்லாவிட்டால் மூன்று மாதம் என்று நீதிமன்றம் வரம்பு சொன்னது. 2025 ஜூலையில் தெலங்கானா வழக்கிலும் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்லி, இந்தப் பொறுப்பைச் சபாநாயகரிடம் விட்டுவைப்பது சரியா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் எழுதியது. தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்பதே என் கருத்தும். ஆளும் கட்சியின் வாக்கால் அமர்ந்தவர் ஆளும் கட்சியின் எண்ணிக்கையைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது, எவ்வளவு நல்லவருக்கும் தாங்க முடியாத பாரம்.

இத்தனைக்கும் அதே அட்டவணை ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. பேரவைத் தலைவர் ஆனதும் ஒருவர் தன் கட்சியை விட்டு விலகலாம். அது கட்சித் தாவல் ஆகாது. பதவி முடிந்ததும் திரும்பச் சேரலாம். மக்களவையில் 1967-ல், இந்தச் சட்டம் வருவதற்கு வெகுமுன்பே, நீலம் சஞ்சீவ ரெட்டி கட்சியை விட்டு விலகிக் காட்டினார். அந்த வழியில் பின்னால் நடந்தவர்கள் மிகக் குறைவு.

அவரை நீக்க முடியுமா என்றால், முடியும். 14 நாள் முன்னறிவிப்போடு தீர்மானம் கொடுக்க வேண்டும். வந்திருப்போரில் பெரும்பான்மை போதாது, அன்றைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 234 இடமும் நிரம்பியிருந்தால் 118. அந்தத் தீர்மானம் விவாதிக்கப்படும்போது அவர் தலைமை தாங்கக் கூடாது, ஆனால் உறுப்பினராகப் பேசலாம், வாக்கும் போடலாம். 1972 டிசம்பரில் கே.ஏ. மதியழகன் இப்படி நீக்கப்பட்டார். அவர் நாற்காலியை விட்டு எழாத நிலையில், 1967-ல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் துணைத் தலைவராக வேறொரு நாற்காலியில் அமர்ந்து அவையை நடத்தினார். ஒரே அவையில் இருவர் தலைமை. 2025 மார்ச் 17 அன்று மு. அப்பாவு மீது வந்த தீர்மானத்தைத் துணைத் தலைவர் கு. பிச்சாண்டி நடத்தினார். குரல் வாக்கெடுப்புக்குப் பிறகு டிவிஷன் கேட்கப்பட்டு, 63-க்கு 154 என்று தோற்றது. அன்று யாரும் அந்த நொடியைத் தவறவிடவில்லை.

இனி உங்கள் ரோடு. அவையில் சில நிமிடம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகம் பத்திரிகைச் செய்தி கொடுத்து மனு வாங்கும். பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாவது எழுதும் விதத்தால். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. வேலை, கடன், முதியோர் ஓய்வூதியம், பட்டா, கோர்ட்டில் நிலுவையில் இருப்பது எதையும் சேர்த்தால் மனு முழுவதும் ஒதுக்கப்படும். தண்ணீரையும் ரோட்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். தமிழில், ஐந்து நகல், ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு கொடுங்கள்.

ரோடு வனத்துறை நிலத்தில் போகிறதா என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் பாதி வேலை அங்கேதான் நிற்கும். வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவின் கீழ், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் ரோட்டுக்குக் கொடுக்கலாம். அந்தக் கிராம சபைத் தீர்மான நகலை மனுவோடு இணைத்தால், “வனத்துறை ஒப்புதல் இல்லை” என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்பை மூட முடியாது. ரோட்டின் நீளம், அகலம், எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, மழையில் எந்த ஓடை குறுக்கே வருகிறது என்பதையும் ஒரு பக்கத்தில் வரைந்து வையுங்கள்.

அன்புடன்,
சேலம்