வாசகர் கேள்வி – பதில்: ரப்பர் கையுறையில் தொடங்கும் பாடம்

கேள்வி: தருமபுரி அருகே 18 ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். பழுதுக்கு வரும் மின்சார ஸ்கூட்டர்களைத் தொடப் பயந்து திருப்பி அனுப்பிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த மகனை இதற்கென்றே படிக்க வைக்கலாமா? 43 வயதில் நானும் கற்க இயலுமா?

பதில்: இருவருமே கற்கலாம், ஐயா. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய ‘மெக்கானிக் எலெக்ட்ரிக் வெஹிக்கிள்’ என்னும் 2 ஆண்டுத் தொழிற்பிரிவு ஐ.டி.ஐ.க்களில் உள்ளது, டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து தமிழக அரசு தரம் உயர்த்திய 71 அரசு ஐ.டி.ஐ.க்களுக்கென வகுக்கப்பட்ட பிரிவுகளில் இதுவும் ஒன்று. மகனைச் சேர்க்குமுன் அங்குள்ள பட்டறையை நேரில் பார்த்து, மாணவர்கள் தம் கையால் கழற்றி மாட்ட முழு வண்டி இருக்கிறதா, ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். திரையில் மட்டும் பேட்டரியைப் பார்த்துப் படித்தவரை நான் வேலைக்கு விடமாட்டேன்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் (பேட்டரி தரும் டி.சி. மின்சாரம்) அபாயகரமானது என்பது இத்துறையின் கணக்கு. ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே இயங்குகின்றன. கார்களிலோ 300, 400 வோல்ட் சாதாரணம். ஸ்கூட்டரில் மின்னதிர்ச்சியைவிட நான் அஞ்சுவது கைதவறி விழும் ஸ்பானரைத்தான். அது பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் நொடியில் உலோகமே உருகித் தெறிக்கும். அதனால்தான் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவைத்த பிறகே என் மாணவர்கள் வண்டியருகே வருவார்கள்.

அடுத்தது கையுறை. 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையின் வாய்ப்பகுதியைச் சுருட்டி, உள்ளே அடைபட்ட காற்றை விரல்களுக்குத் தள்ளி, கன்னத்தருகே வைத்து ஊசித்துளை வழியே காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். காரில் 12 வோல்ட் இணைப்பைத் துண்டித்து, பெரிய பேட்டரியின் மின்பாதையைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கித் தம் பையிலேயே வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டரில் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) உள்ள மின்தேக்கியில் தேங்கிய மின்சாரம் வடிவதற்காகத் தயாரிப்பாளர் சொன்ன நேரம் (பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம்) காத்திருந்த பின்னரே மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். முதலில் நல்ல 12 வோல்ட் பேட்டரியில் மீட்டரைச் சோதித்து, பிறகு உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிள் பொருந்தும் முனைகளை அளந்து, சுழியம் காட்டினாலும் மீண்டும் அதே பேட்டரியில் வைத்து, மீட்டர் இடையில் பழுதாகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இத்தனைக்குப் பின்னும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்தபடியேதான் இருக்கும்; ஆகவே அதற்கெனத் தனிப் பயிற்சி பெறாதவர் அதன் மூடியைத் திறக்கவே கூடாது.

உங்கள் 18 ஆண்டு அனுபவம் வீண்போகாது. பிரேக், ஃபோர்க், பேரிங், டயர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. ‘பேட்டரி போய்விட்டது’ என்று தள்ளிக்கொண்டு வரப்பட்ட ஒரு ஸ்கூட்டரில், பிரேக் லீவரில் உள்ள சிறு சுவிட்ச் அழுக்கேறி ஒட்டிக்கொண்டு மோட்டாருக்கான மின்சாரத்தைத் தடுத்ததைக் கண்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர் உங்களைப் போன்ற பழைய மெக்கானிக்தான். பட்டறையை மூடிவிட்டு 2 ஆண்டு படிக்க உங்களால் முடியாது. குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்து, மீட்டர் பிடிப்பதையும் மின்சுற்றுப் படம் வாசிப்பதையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சி.என்.ஜி. ஆட்டோக்களைப் பழுது பார்ப்பவருக்கும் தனிப் பயிற்சி தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. சிலிண்டரில் வாயு சுமார் 200 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கில், நிற்கிறது. எல்.பி.ஜி. கசிந்தால் தரையில் தேங்கும், சி.என்.ஜி. கூரைக்கு ஏறும், எனவே பட்டறையின் மேற்பகுதியில் காற்றுப்போக்கு வேண்டும். கசிவைச் சோப்பு நீரால் பார்க்க வேண்டும். நுரைத்தால், அழுத்தம் இருக்கும்போதே இணைப்பை இறுக்காமல், வால்வை மூடிக் குழாயிலுள்ள வாயுவை வெளியேற்றிய பிறகே ஸ்பானரை வைக்க வேண்டும்.