அமெரிக்கப் போலீஸ், தீயணைப்பு வேலை: சோஷியல் செக்யூரிட்டி யாருக்கு உண்டு?

அமெரிக்க நகராட்சி ஒன்றில் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சோஷியல் செக்யூரிட்டி என்பது சம்பளத்தில் பிடித்து, பிற்காலத்தில் ஓய்வூதியமும் குடும்பத்துக்கு உதவித்தொகையும் தரும் மத்திய அரசுத் திட்டம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

சிகாகோவிலிருந்து ஓர் அம்மா: பையன் போலீஸில் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தமே காணோம். தப்பு நடந்திருக்குமா தம்பி?

தப்பில்லைம்மா. சிகாகோ போலீஸுக்குத் தனி பென்ஷன் நிதி இருக்கு. அதனால சோஷியல் செக்யூரிட்டிக்கான 6.2% பிடிக்க மாட்டாங்க. மெடிகேர்ங்கிற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45% மட்டும் போகும். 1986 மார்ச் 31க்கு அப்புறம் வேலைக்கு வந்தவங்க அதிலிருந்து தப்ப முடியாது. வருஷ ஆரம்பத்துல, போன வருஷச் சம்பளமும் பிடித்தமும் காட்டுற டபிள்யூ-2 படிவம் வரும், எடுத்துப் பாருங்க. சோஷியல் செக்யூரிட்டிக்கான 4ஆம் கட்டம் காலியா இருக்கும், மெடிகேருக்கான 6ஆம் கட்டத்துல தொகை இருக்கும்.

அப்போ நியூயார்க் போலீஸ்ல இருக்கிற என் மச்சானுக்கு மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?

வேலை ஒண்ணுதான், ஒப்பந்தம் வேற: நியூயார்க் போலீஸை ஒப்பந்தத்துல சேர்த்திருக்காங்க, சிகாகோ போலீஸைச் சேர்க்கலை. 1935 சோஷியல் செக்யூரிட்டி சட்டத்துல மாநில, நகராட்சி ஊழியர் யாருக்குமே இடமில்லை. 1950 திருத்தத்துல 218ஆம் பிரிவு வந்துச்சு: மாநிலம் விரும்பினா மத்திய அரசோட ஒப்பந்தம் போட்டுத் தன் ஆட்களைச் சேர்க்கலாம். ஆனா ஏற்கெனவே பென்ஷன் இருந்த போலீஸ், தீயணைப்பு ஆட்களைப் பல மாநிலங்கள்ல சேர்க்க வழியில்லாம இருந்துச்சு. "எங்க பென்ஷன்ல கை வைக்காதீங்க"ன்னு அவங்க சங்கங்களே எதிர்த்ததும் ஒரு காரணம். 1994லதான் எல்லா மாநிலத்துக்கும் அனுமதி கிடைச்சது. அதுக்கும் ஊழியர்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும். ஒருமுறை சேர்ந்துட்டா விலக முடியாது. அந்த வழியை 1983லேயே அடைச்சுட்டாங்க.

சின்ன ஊர் தீயணைப்பு நிலையம். பென்ஷனும் இல்லை, பிடித்தமும் இல்லை.

இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். பென்ஷன் திட்டத்துல இல்லாத ஊழியருக்கு 1991 ஜூலை 2 முதல் சோஷியல் செக்யூரிட்டி கட்டாயம், சில விதிவிலக்குகள் தவிர. உடனே உங்க சம்பளப் பிரிவுல எழுத்துல கேளுங்க.

ஹூஸ்டன் தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்காரர் இறந்தப்போ, அவர் பேர்ல சோஷியல் செக்யூரிட்டி எனக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னதால விண்ணப்பமே போடலை.

அக்கா, இப்போ போடுங்க. அன்னிக்குச் சொன்னது சரிதான். அப்போ இருந்த விதிப்படி உங்க பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்கை அவர் பேர்ல வர்ற தொகையிலிருந்து கழிப்பாங்க. பென்ஷன் 3,000 டாலர்னா கழிவு 2,000. அவர் பேர்ல 1,800 வரணும்னா கைக்கு எதுவும் வராது. சொந்தமா வேற வேலையில சோஷியல் செக்யூரிட்டி கட்டினவங்களோட தொகையிலும் 1983 சட்டத்தால ஒரு வெட்டு இருந்துச்சு. 2025 ஜனவரி 5இல் பைடன் கையெழுத்துப் போட்ட சட்டம் இந்த ரெண்டையும் ஒழிச்சுடுச்சு, 2024 ஜனவரி மாசத் தொகையிலிருந்தே கணக்கு. ஏற்கெனவே வாங்கிட்டிருந்தவங்களுக்கு நிலுவை தானா வந்துச்சு. விண்ணப்பமே போடாதவங்களைத் தேடி யாரும் வர மாட்டாங்க.

50 வயசுல வேலையை விட்டுட்டு ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்தா 10% அபராதமா?

அரசுத் திட்டத்துல இருக்கிற பணம்னா, 50 ஆகுற வருஷமோ அதுக்கு அப்புறமோ வேலையை விட்ட போலீஸ், தீயணைப்பு ஆட்களுக்கு அபராதம் கிடையாது. அதை ஐஆர்ஏங்கிற தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாத்திட்டு எடுத்தீங்கன்னா இந்தச் சலுகை போச்சு.