விளையாடும்போது மட்டும் கணினி தானாக மறுதொடக்கம் ஆவது ஏன்?

விளையாட்டு ஓடும்போது மட்டும் மேசைக்கணினி அணைந்து மீண்டும் தொடங்குவதால் விண்டோஸை மறுபடி நிறுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். பிழை நேர்ந்தால் தானாக மறுதொடக்கம் செய்யும் வசதி விண்டோஸில் இயல்பாகவே இயங்குவதால், நீலத்திரையில் (கடும் பிழை நேரும்போது விண்டோஸ் காட்டும் நீல நிறத் திரை) வரும் பிழைக்குறியீட்டைப் படிக்கும் முன்பே அது மறைந்துவிடக்கூடும். விண்டோஸ் அமைப்புகளில் உள்ள 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் அதை முதலில் நிறுத்துங்கள். பிறகும் நீலத்திரை வராவிட்டால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் காணும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, கணினி முறையாக அணையவில்லை என்பதைச் சொல்லுமே தவிரக் காரணத்தைச் சொல்லாது. பளு கூடும்போது மட்டும் நிகழ்வதால், என் சந்தேகம் வெப்பத்தின் மீதும் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையின் மீதும்தான். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு விசிறிகளின் தூசியை அகற்றுங்கள். அதன் பிறகும் சிபியு வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சிபியுவின் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையை மாற்ற வேண்டும். வெப்பம் சீராக இருந்தால், வேறொரு பவர் சப்ளையை மாட்டிச் சோதியுங்கள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்: இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.